எழிலரசி அடுப்பு வைத்த மூலை

என் தங்கை எழிலரசி முந்நூறு பேர் பந்திக்கு ஒரே ஆளாய் நின்று சாம்பார் கூட்டுவாள். ருசி பார்க்க மாட்டாள். கொதி வரும்போது அண்டாவின் மேல் குனிந்து ஒரு முறை மூச்சை இழுப்பாள். "உப்பு ஒரு கை கம்மி" என்பாள். அந்த ஒரு கையைப் போட்டால் சரியாக இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கல்யாணம், காட்டுமன்னார்கோயிலில் காதுகுத்து, எதுவானாலும் மண்டபத்துக்குச் சொல்லுமுன் அவளுக்கு போன் வந்துவிடும். கத்திரிக்காய் கொத்சுக்குப் பேர்போன சிதம்பரத்திலிருந்தே டிபன் கேரியரோடு வந்து அவளிடம் கொத்சு வாங்கிப் போகிறார்கள். அண்ணன் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு வேளை வந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த மூச்சுதான் போன வருடம் கெட்டுப்போனது.

இருபது வருடமாக அவள் சமைத்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கொல்லையில், கீற்றுக் கொட்டகையின் கீழே, செங்கல் கூட்டிய அடுப்பில். காற்று திரும்பும்போதெல்லாம் புகை அவள் முகத்துக்கு வரும். மழைக்காலத்தில் அடுப்பே கரைந்துபோகும், மறுபடி கூட்டுவாள். மாசி மாதம் பிடித்த இருமல் பங்குனியிலும் நிற்கவில்லை. சிதம்பரத்து டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வருசம் இதே பொகையில நின்னீங்கன்னா, அப்புறம் அடுப்பாண்ட போகவே முடியாதும்மா. சமையல விடணும், இல்ல பொகைய விடணும்."

"பொகைய விட்டுடறேன் சார்" என்றாள் எழிலரசி.

வெளியே வந்ததும் டாக்டர் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். இடது பக்கம் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது, விளையாட்டில்லை என்றார்.

கொல்லையில் செங்கல், சிமெண்டில் நிரந்தரமாக ஒரு சமையற்கட்டு கட்டுவது என்று முடிவானது. பதினாலுக்குப் பத்தடி. வெள்ளம் வந்தாலும் ஏறாதபடி இரண்டடி உயரத் தளம். பெரிய அண்டா உட்காரும் கோட்டை அடுப்பு மூன்று. பன்னிரண்டடிப் புகைபோக்கி. கொத்தனார் அந்தோணிசாமி சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார். அளவு எடுக்கும்போது நான் உடன் நிற்க வேண்டும் என்று எழிலரசி சொல்லியனுப்பினாள். நான் தையற்காரன்; அரை அங்குலம் பிசகினாலும் கண்ணில் உறுத்தும்.

வீடு வடக்குப் பார்த்தது. கொல்லை தெற்கே, முப்பத்திரண்டடி அகலம், ஐம்பத்தெட்டடி நீளம். கிழக்கே வேலியை ஒட்டி வாய்க்கால். மேற்கே பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எடுத்த மாடி.

அந்தோணிசாமி கொல்லையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வேலியோரம் நின்றார். "ரெண்டாவது பேச்சே இல்லக்கா. இந்தத் தென்கெழக்கு மூலைதான். அக்னி மூலை. பொகை நேரா வாய்க்கா மேல போயிடும்."

எழிலரசியின் கணவர் காத்தவராயன் சிரித்தார். "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போற ஆளு நீ. ஒனக்கு என்னாய்யா அக்னி மூலை?"

"ஏன் மாமா, எங்க வூட்டுப் பொகை மட்டும் நேரா பரலோகத்துக்குப் போயிடுமா? எங்களுக்கும் கண்ணு எரியும்ல."

எழிலரசி சிரிக்கவில்லை. "அந்த மூலை வேணாம்" என்றாள். "மேக்கால கட்டு."

காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன். அவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவள் நினைப்பது தவறு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை அடைமழையில், எழிலரசிக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண். இரண்டு நாள் இருந்தது. எங்கள் பக்கத்தில் தலைச்சன் ஆண் பிள்ளை போய்விட்டால் இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். மாந்திரீகத்துக்கு மை வைக்கிறவர்கள் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயம். வீட்டு எல்லைக்குள்ளேயே, அடையாளம் எதுவும் வைக்காமல் புதைப்பார்கள். எந்த இடம் என்று பெற்றவளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். காத்தவராயன் அப்போது லாரியில் விஜயவாடா போயிருந்தார்; வெள்ளத்தில் வழியில் மாட்டிக்கொண்டார். அதனால் அந்த வேலை தாய்மாமனான எனக்கு வந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தென்கிழக்கு மூலையில் தோண்டினேன். கிழக்கு வேலியிலிருந்து ஆறடி, தெற்கு வேலியிலிருந்து ஒன்பதடி. இரண்டடி போனதும் தண்ணீர் சுரந்தது. மூடிவிட்டு, மேற்கே மூன்றடி தள்ளி இன்னொரு குழி தோண்டினேன். அதிலும் தண்ணீர். வாய்க்கால் ததும்பிக்கொண்டிருந்தது, வேறு எப்படி இருக்கும்? களிமண் கலந்த அந்தத் தண்ணீருக்குள் பிள்ளையை வைக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டு குழியையும் மூடி மிதித்தேன். பிள்ளையைத் துண்டில் சுற்றி, துணிப்பையில் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வெள்ளாற்றுக்குப் போனேன். மூன்று கிலோமீட்டர். கரை மேட்டில் ஒரு வேலமரத்தடியில் நாலடி தோண்டியும் தண்ணீர் வரவில்லை. அங்கே வைத்தேன்.

திரும்பி வந்தபோது அறைக்குள்ளிருந்து எழிலரசி கேட்டாள். "அண்ணே, எங்கண்ணே வெச்ச?"

சொல்லக்கூடாது என்பது வழக்கம். ஆனால் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லையைத் தாண்டி ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் மாமியார் பக்கத்திலேயே இருந்தார். கேட்டால் வீடே கலங்கிவிடும்.

"நம்ம கொல்லையிலதாம்மா. கெழக்கு மூலையில."

தீட்டு கழிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள் போனபோது அந்த மூலையில் ஒரு தார்ப்பாய் விரித்து, நாலு முனையிலும் செங்கல் வைத்திருந்தது. பச்சை உடம்போடு அவளே எழுந்து போய் விரித்திருக்கிறாள்.

"மழையில குளிரும்லண்ணே" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் அந்த மூலையில் ஒரு சின்ன இலை கிடந்தது. இலையில் குழைத்த பருப்புச் சாதம். ஐந்தாவது வருடம் நெய்யும் சர்க்கரையும் போட்ட தோசை. பத்தாவது வருடம் முறுக்கு. ஒவ்வொரு பந்திக்கும் முதல் கரண்டி அங்கேதான் போகும். எறும்பு வரிசையாக வந்து இழுத்துப் போகும்வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "சாப்ட்டுட்டான்" என்று எழுந்து வருவாள். கொஞ்ச வருடத்துக்கு முன் அவள் காரக்குழம்பில் மிளகாயைக் கூட்டினாள். ஊரெல்லாம் அந்தக் குழம்பைத்தான் இப்போது கேட்கிறார்கள். ஏன் கூட்டினாய் என்று நான் கேட்டதற்கு, "பதினெட்டு ஆவுதுல்ல. வயசுப் புள்ளைக்குக் காரம் வேணும்ணே" என்றாள்.

அந்தப் பக்கம் அவள் சுடுகஞ்சி கொட்ட மாட்டாள். கோடையில் தண்ணீர் தெளிப்பாள். அப்புறம் பிறந்த மகள் சத்யப்பிரியா சென்னையில் வேலைக்குப் போய், வந்துவிடும்மா என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். "ஒருத்தன இங்க உட்டுட்டு எப்புடிடீ வர்றது?" என்று போனை வைத்துவிடுவாள்.

அதையெல்லாம் நான் பார்த்தேன். அவள் வீட்டுக்குப் போனால் கொல்லைப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அப்படியும் அந்த இலை என் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியும். வெற்று மண்ணுக்கு ஒருத்தி இருபத்து நாலு வருடம் சோறு ஊட்டுகிறாள், மண்ணும் வாங்கிக்கொள்கிறது. சில நாள் எனக்கே சந்தேகம் வரும், அங்கே யாரோ இருக்கிறார்களோ என்று. அந்த மூலையைக் கடக்கும்போது நானும் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வெள்ளாறு கரையை நாற்பதடி அரித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். வேலமரம் இல்லை. மேடும் இல்லை. காட்டுவதற்கு என்னிடம் இடமே இல்லாமல் போயிற்று.

அந்தோணிசாமி மேற்குப் பக்கம் கட்ட ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, பக்கத்து வூட்டு மாடியில மோதி காத்து கீழ எறங்குது. எவ்ளோ ஒசரம் பொகபோக்கி வெச்சாலும் பொகைய ஒங்க மேலயே தள்ளும். நான் சொன்னா நம்ப மாட்டீங்க. பொகையே சொல்லட்டும்."

ஈரத் தேங்காய் மட்டையைக் குவித்து மேற்கு மூலையில் பற்றவைத்தார். புகை ஆளுயரம் எழுந்தது, ஏதோ தலையில் தட்டியதுபோல் மடங்கியது, தரையோடு தவழ்ந்து வந்து எழிலரசியைச் சுற்றிக்கொண்டது. அவள் நகரவில்லை. இருமல் வந்தது. கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தோணிசாமி ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார். அவள் உதடு வெளுத்திருந்தது. பேச்சு வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

"பரவால்ல. இங்கயே கட்டு அந்தோணி."

அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். காத்தவராயன், "வாய்யா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"எழிலு, அந்த மூலையிலயே கட்டிக்கலாம். அவன் அங்க இல்ல."

"யாரு?"

"பையன்."

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் குழி, இரண்டாவது குழி, தண்ணீர், சைக்கிள், ஆற்றங்கரை, வேலமரம். ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எதுல சுத்துன?"

"என் துண்டுல. பச்சக் கரை போட்டது."

"தல எந்தப் பக்கம்?"

"தெக்க."

"மண்ணு ஈரமா இருந்துச்சா?"

"மேல ஒரு சாண் ஈரம். அதுக்குக் கீழ காஞ்ச மண்ணு."

"அழுதியா?"

அது மட்டும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அப்படியே சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சின்ன வயதில் நான் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துத் தப்பாகிப் போனால் அப்படித்தான் சிரிப்பாள்.

"டாக்டர் அன்னிக்கு ஒன்னத் தனியா கூப்ட்டாருல்ல, அப்பலேந்தே யோசிச்சியா?"

"என்னா யோசிச்சன்?"

"இத்தன வருசமா இல்லாத ஆத்தங்கரை இன்னிக்கு எங்கேந்துண்ணே வருது? நான் இருமறது பொறுக்காம சொல்ற."

"எழிலு, சத்தியமா சொல்றன்."

"சத்தியம்லாம் பண்ணாத. நல்லதுக்குச் சொல்ற பொய்யிக்கு எதுக்கு சத்தியம்?"

பொய் சொன்ன அன்று அப்படியே நம்பினாள். உண்மையைச் சொல்லும்போது நம்ப மாட்டேன் என்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல், யோசிக்காமல் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப தோண்டிப் பாரு."

அவள் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, தோண்டு" என்றாள்.

டீ குடிக்கப் போன இருவரும் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அந்தோணிசாமி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, மண்வெட்டியைத் தவிர்த்து, கரணையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒன்றரையடி போனதும் நிறுத்தினார்.

"அக்கா, இங்க முன்னாடி யாரோ தோண்டி மூடியிருக்காங்க. பாருங்க, சுத்தி மஞ்சக் களி. நடுவுல மட்டும் கறுப்பு மண்ணு கலந்து கெடக்கு."

எழிலரசி விளிம்பில் மண்டியிட்டாள். அந்தக் கறுப்பு மண்ணைத் தொட்டாள்.

"அதுதான் எழிலு, தண்ணி வந்த குழி" என்றேன். "மேக்கால மூணடி தள்ளித் தோண்டச் சொல்லு. இன்னொண்ணு இருக்கும்."

தோண்டினார். இருந்தது. நான் சொன்ன அளவில், ஒரு அங்குலம் பிசகாமல். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. "பாத்தியா? ஒரு புள்ளைக்கு எதுக்கு ரெண்டு குழி? ரெண்டுலயும் தண்ணி வந்துதான் எடுத்துட்டுப் போனன்."

அவள் இரண்டு குழிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதக் குழியில வெக்க மனசு வரல போல. பாவம்ணே நீ. ரெண்டாவதுல வெச்சிருக்க."

நான் காட்டிய சாட்சி எல்லாம் அவள் பக்கமே போய் நின்றது. மேலும் தோண்டினார் அந்தோணிசாமி. நாலடி வரை போனார். எதுவும் இல்லை. துணி இல்லை, எலும்பு இல்லை. "இருவத்தி நாலு வருசம். ரெண்டு நாள் புள்ளை. களிமண்ணு" என்று காத்தவராயன் மெதுவாகச் சொன்னார். "என்னாத்த இருக்கும்."

"கரஞ்சிட்டான்" என்றாள் எழிலரசி. அழவில்லை.

வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நடுவில் இரண்டு தடவை இருமினாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"அண்ணே, ஆத்தங்கரைன்னு சொன்னல்ல. நல்ல எடம்தான். ஈரத்துலயே கெடந்துட்டான், இனிமே அங்க இருக்கட்டும். கொண்டு போயிடலாம்."

"கொண்டு போக என்னாம்மா இருக்கு?"

"இந்த மண்ணுதான் இருக்கு."

இரண்டு குழிகளின் கறுப்பு மண்ணையும் சாக்குகளில் அள்ளினோம். ஒரு பிடி மஞ்சள் களி சேரவிடாமல் அவளே பிரித்தாள். பதினோரு சாக்கு. வாய்களை நான் கோணி ஊசியால் தைத்தேன். மறுநாள் காலை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம்.

பங்குனி மாதத்து வெள்ளாறு, முழுக்க மணல், நடுவில் ஓர் ஓடை அளவு தண்ணீர். "எந்த எடம்ணே?" என்றாள்.

நான் மணலின் நடுவைக் காட்டினேன்.

"கரைன்னு சொன்னியே?"

"கரை அங்கதான் இருந்துச்சு. பதினஞ்சாம் வருச வெள்ளத்துல ஆறு எடுத்துக்கிச்சு."

"சரிண்ணே, சரி" என்றாள். கதை சொல்லும் குழந்தையிடம் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களே, அந்தக் குரலில்.

அவள் மணலில் இறங்கி முன்னால் நடந்தாள். காத்தவராயன் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றியபடி என் பக்கத்தில் வந்தார்.

"மச்சான், நெசமாவே இங்கதான் வெச்சீங்களா?"

"ஆமா மச்சான்."

அவர் ஆற்றை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "நான் அவன் மொகத்தக்கூட பாக்கல" என்றார். அப்புறம், "இதுக்கு மேல அவகிட்ட சொல்லாதீங்க. நம்புனா தாங்க மாட்டா. இத்தன வருசம் யாருக்கு சோறு வெச்சன்னு கேப்பா. நீங்க என்னா பதில் சொல்லுவீங்க?"

அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சாக்குகளை எழிலரசியே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் காட்டிய இடத்தில், நாற்பதடிக்கு நாற்பதடிக்குள் எங்கோ ஓர் இடத்தில், கறுப்பு மண் வெள்ளை மணலில் குவிந்தது. யாரும் இல்லாத மண்ணை, அவன் இருந்த இடத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "போயிட்டு வரன் ராஜா" என்றாள். அவன் நிஜமாகவே அங்கேதான் இருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு தடவை சரியான இடத்தில் நின்று பேசினாள்.

சமையற்கட்டு இருபத்திரண்டு நாளில் முடிந்தது, தென்கிழக்கு மூலையில். அடுப்பின் உள்வாய்க்கு அந்தோணிசாமி சிமெண்ட் போடவில்லை. சூட்டில் வெடிக்கும் என்று செம்மண்ணும் உமியும் குழைத்துப் பூசினார். மேடை இரண்டே முக்காலடி உயரம். எழிலரசியின் இடுப்பை அளந்து நான் சொன்ன கணக்கு. நின்றபடி குனியாமல் கிண்டுகிறாள். புகை வாய்க்கால் மேல் போகிறது. ஆடி மாதம் டாக்டர் பார்த்துவிட்டு இனி மோசமாகாது என்றார். ஆவணியில் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்குச் சமைத்தாள். அண்டா மேல் குனிந்து மூச்சை இழுத்து உப்பு சொல்கிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பெருமைதான். அவள் இருமாத இரவுகளில் நான்தான் தூங்குவதில்லை.

போன வாரம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். தங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கட்ட வேண்டுமாம். புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தார்கள், மேடையைத் தடவிப் பார்த்தார்கள். மூலையின் கதை எப்படியோ அவர்கள் காதுக்கும் போயிருந்தது. மூத்தவள் தயங்கிக் கேட்டாள்.

"எப்புடிக்கா மனசு வந்துச்சு, அந்த எடத்துல அடுப்பு வெக்க?"

எழிலரசி மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே என்னைக் கையால் காட்டினாள்.

"இதோ ஒக்காந்திருக்காரே எங்கண்ணன், இவருதான். பொறந்ததுலேந்து ஒரு பொய் சொன்னவரு இல்ல. தங்கச்சி நெஞ்சுக்காவ ஒரு பொய்ய ஜோடிச்சு, சத்தியம் வரைக்கும் போனாரு. நான் நம்பல. ஆனா இவ்ளோ பாடுபட்டு ஒரு மனுசன் சொல்றாரேன்னு, அவரு சொன்னபடியே செஞ்சுட்டன்."

இரண்டு பெண்களும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "இப்புடி ஒரு அண்ணன் கெடைக்கணுமே" என்றாள் சின்னவள். மூத்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.